கணினி விளையாட்டு திறக்கவில்லையா? ஃபார்மேட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு மாணவர், புதிதாக நிறுவிய விளையாட்டு திறக்கவில்லை என்று தம் கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால், ‘ஃபார்மேட் போட்டுவிடலாம்’ என்ற பதிலையே பெரும்பாலும் கேட்கிறார். ஃபார்மேட் செய்தபின் சிக்கல் சில வேளைகளில் மறைந்துவிடுவது உண்மையே. ஆனால் அதனுடன் குடும்பப் படங்கள், கல்லூரித் திட்டப்பணி, பல மாதங்கள் ஆடிச் சேர்த்த விளையாட்டுப் பதிவுகள் ஆகியவையும் மறைந்துவிடுகின்றன. காரணம் கண்டறியப்படாததால் அதே சிக்கல் மீண்டும் தலைகாட்டவும் செய்கிறது. விளையாட்டு திறக்காததற்கும், திறந்து மூடிக்கொள்வதற்கும், தடுமாறி ஓடுவதற்கும் உரிய காரணங்களில் மிகப் பெரும்பாலானவை டிரைவரிலோ, விடுபட்ட துணைக் கோப்புகளிலோ, பொருந்தாத அமைப்புகளிலோ இருக்கின்றன. அவற்றை வீட்டிலேயே, ஒரு பைசா செலவில்லாமல், எந்தக் கோப்பையும் இழக்காமல் சரிசெய்யலாம் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இங்கே கூறப்படுபவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இயங்குதளங்களுக்கு உரியவை. நம்மில் பெரும்பாலோர் கணினியை ஆங்கில இடைமுகத்திலேயே வைத்திருப்பதால், பட்டிகளின் பெயர்களைத் திரையில் தோன்றும் ஒலிப்பின்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி ஏதேனும் தோன்றினால் அதை ஓர் எழுத்தும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏதோ எர்ரர் வந்தது’ என்பதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. செய்தியில் உள்ள கோப்பின் பெயரோ எண்ணோ பாதி விடையைத் தந்துவிடும். இதற்கு முன் இந்த விளையாட்டு சரியாக ஓடியதா, ஓடியது என்றால் அதன்பின் விண்டோஸ் அப்டேட், புதிய டிரைவர், புதிய மென்பொருள், மின்வெட்டு என எது நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

அடுத்து, விண்டோஸ் பொத்தானையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்தினால் தோன்றும் சிறு பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்னும் ஆறு எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். திறக்கும் சாளரம் உங்கள் இயங்குதளம், செயலி, ரேம், கிராஃபிக்ஸ் சில்லின் பெயர், அதன் டிரைவர் பதிப்பு, டிரைவரின் தேதி ஆகிய அனைத்தையும் காட்டும். கீழே உள்ள ‘சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்’ பொத்தானை அழுத்தி அதை ஓர் எழுத்துக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். இந்த விவரத்தை, விளையாட்டை வெளியிட்டவர்கள் கொடுத்திருக்கும் குறைந்தபட்சத் தேவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நேர்மையான முதல் படியாகும். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினி இன்று தம்பியின் கையில் இருக்கும் வீடுகள் கடலூர் மாவட்டத்தில் பல உண்டு. அதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும் புதிய விளையாட்டு ஓடவில்லை என்றால் அது பழுது அன்று. எந்த டிரைவராலும் அதை மாற்ற இயலாது. ஆனால் அதே மடிக்கணினியில் ஏராளமான பழைய விளையாட்டுகள் நன்றாக ஓடும். அவற்றுக்கான வழிகள் பின்னர் வருகின்றன.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு விதியைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதும் விளையாட்டைத் திறந்து பாருங்கள். பலனில்லை என்றால் அந்த மாற்றத்தைப் பழையபடி ஆக்கிய பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்து விளையாட்டு ஓடிவிட்டால், எது காரணம் என்பது தெரியாமல் போகும். ஓடாவிட்டால், பழைய சிக்கலோடு புதிதாக நாமே உண்டாக்கிய சிக்கலும் சேர்ந்திருக்கும்.

கிராஃபிக்ஸ் டிரைவர்

டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று, ஒன்று சொல்வதை மற்றொன்றுக்குப் புரியும்படி எடுத்துச் செல்லும் மென்பொருள். விளையாட்டுகளைப் பொறுத்தவரை எல்லா டிரைவர்களிலும் கிராஃபிக்ஸ் டிரைவரே முதன்மையானது. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதை விரித்துப் பாருங்கள். அங்கே என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய நிறுவனங்களில் ஒன்றன் பெயரோடு சில்லின் மாதிரி எண் இருக்க வேண்டும். அதற்கு மாறாக ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று மட்டும் இருந்தால், உங்கள் கிராஃபிக்ஸ் சில்லுக்கு உரிய டிரைவர் நிறுவப்படவே இல்லை என்று பொருள். திரையில் படம் தெரிவதற்கு மட்டும் விண்டோஸ் வைத்திருக்கும் தற்காலிக ஏற்பாடு அது. அதைக் கொண்டு எந்த முப்பரிமாண விளையாட்டும் உருப்படியாக ஓடாது. கடையில் ஃபார்மேட் செய்து வாங்கிய கணினிகளில் இந்த நிலையை அடிக்கடி காண முடிகிறது. ‘ஃபார்மேட் செய்த பிறகு இன்னும் மெதுவாகிவிட்டது’ என்று கூறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

டிரைவரை எங்கிருந்து பெறுவது என்பதில் உறுதியாக இருங்கள். மேசைக்கணினி என்றால் கிராஃபிக்ஸ் சில்லைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தும், மடிக்கணினி என்றால் முதலில் அந்த மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தும் பெறுங்கள். சில மடிக்கணினிகளில், குறிப்பாக இன்டெல் சில்லுகளோடு வந்த பழையவற்றில், இன்டெல் தளத்தின் பொது டிரைவரை நிறுவ முயன்றால், இது இந்தக் கணினிக்காகச் சரிபார்க்கப்படவில்லை என்ற செய்தியோடு நின்றுவிடும்; அப்போது மடிக்கணினி நிறுவனம் தந்திருக்கும் டிரைவரே வழி. எல்லா டிரைவர்களையும் தானே தேடி ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். அவை தவறான பதிப்பை நிறுவக்கூடும், வேண்டாத மென்பொருள்களையும் கூட்டிவரக்கூடும். கிராஃபிக்ஸ் டிரைவர் பல நூறு எம்பி அளவுடையது; கைப்பேசியின் அன்றாட டேட்டாவை நம்பியிருப்பவர்கள் அன்றைய அளவு தீர்வதற்கு முன் முழுக் கோப்பும் இறங்கிவிடுமா என்று பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

புதிய டிரைவர்தான் எப்போதும் சிறந்தது என்ற எண்ணமும் சரியன்று. நிறுவனங்கள் பழைய சில்லுகளுக்குப் புதிய டிரைவர்களை வெளியிடுவதைக் காலப்போக்கில் நிறுத்திவிடுகின்றன. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் கெப்ளர் வகையைச் சேர்ந்த கார்டுகளுக்கு 470 என்னும் எண் கொண்ட டிரைவர் வரிசையே கடைசி. மேக்ஸ்வெல், பாஸ்கல் வகைகளுக்கு, அதாவது பலரும் இன்றும் வைத்திருக்கும் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு, 580 என்னும் எண் கொண்ட வரிசையோடு 2025 அக்டோபரில் விளையாட்டுகளுக்கான புதுப்பித்தல் முடிந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வருகின்றன. இன்டெல்லின் 4-ஆம் தலைமுறைச் செயலிகளில் வேறொரு நுட்பம் உண்டு. பாதுகாப்புக் குறை ஒன்றைத் தீர்ப்பதற்காக, குறிப்பிட்ட ஒரு டிரைவர் பதிப்பு முதல், அச்சில்லுகளில் டைரக்ட்எக்ஸ் 12 வசதியையே இன்டெல் முடக்கிவிட்டது. டைரக்ட்எக்ஸ் என்பது விளையாட்டுகள் கிராஃபிக்ஸ் சில்லைப் பயன்படுத்துவதற்காக விண்டோஸில் உள்ள மென்பொருள் தொகுப்பு. ஆகவே நேற்றுவரை ஓடிய விளையாட்டு, டிரைவரைப் புதுப்பித்தபின் டைரக்ட்எக்ஸ் 12 இல்லை என்று கூறினால் நீங்கள் தவறாக எதையும் செய்யவில்லை. அந்த விளையாட்டின் அமைப்பில் டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தேர்ந்தெடுக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சிக்கல் தொடங்கியிருந்தால், அந்த அப்டேட் டிரைவரையும் மாற்றியிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் சில்லின் பெயரில் வலது கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘டிரைவர்’ என்னும் தாவலுக்குச் சென்றால் ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்பும். முந்தையது கணினியில் சேமிக்கப்படவில்லை என்றால் அப்பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாதபடி இருக்கும். அப்போது பழைய பதிப்பைத் தேடிப் பதிவிறக்கி நிறுவ வேண்டும்.

பழைய டிரைவரின் எச்சங்கள் புதியதோடு மோதுவதும் உண்டு. என்விடியா நிறுவியில் ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ‘பெர்ஃபார்ம் எ கிளீன் இன்ஸ்டாலேஷன்’ என்ற கட்டம் தோன்றும். ஏஎம்டி நிறுவியில் ‘ஃபேக்டரி ரீசெட்’ என்ற தேர்வு உண்டு. பெரும்பாலும் இதுவே போதும். இதற்கும் அடங்காத சிக்கலுக்கு, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்னும் இலவசக் கருவியை நாடலாம். அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் வரிசை தவறக் கூடாது. புதிய டிரைவரை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்து, கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ‘ரீஸ்டோர் பாயின்ட்’ ஒன்றை உருவாக்கி, இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் நீக்கி முடித்த கணமே விண்டோஸ் தானாக ஒரு டிரைவரை இறக்கி நிறுவிவிடும். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியாகச் சென்று நான்காம் எண்ணை அழுத்தினால், அடிப்படை மென்பொருள்கள் மட்டும் இயங்கும் ‘சேஃப் மோட்’ திறக்கும். அங்கே, கணினிக்குள் நுழைய இடும் ‘பின்’ என்னும் இரகசிய எண் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும். சில மடிக்கணினிகள், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியின் மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும் என்பதால் அதையும் முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கருவியை இயக்கி, கணினி மீண்டும் வழக்கம்போல் திறந்ததும் புதிய டிரைவரை நிறுவி, கடைசியாக இணையத்தை இணையுங்கள்.

டிரைவர் நிறுவப்பட்டுக்கொண்டிருக்கும்போது திரை ஓரிரு முறை கறுப்பாகி மீள்வது இயல்பு; பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் எப்போது மின்சாரம் போகும் என்று சொல்ல முடியாத நம் கடற்கரையில், யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே அறிவுடைமை. மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் இணைந்திருக்கட்டும்.

எந்தச் சில்லு வேலை செய்கிறது?

டிரைவர் சரியாக இருந்தும் விளையாட்டு திணறினால், அது தவறான சில்லில் ஓடிக்கொண்டிருக்கலாம். விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகளில் செயலியோடு இணைந்த சிறு சில்லு ஒன்றும், தனியான வலிய சில்லு ஒன்றும் இருக்கும்; மின்சாரத்தைச் சேமிப்பதற்காக விண்டோஸ் சில வேளைகளில் சிறியதையே விளையாட்டுக்கு ஒதுக்கிவிடும். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘கிராஃபிக்ஸ்’ என்று சென்று, அந்த விளையாட்டைப் பட்டியலில் சேர்த்து, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். மேசைக்கணினியில் திரையின் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கிராஃபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பின்புறம் திரும்பிப் பாருங்கள். பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்து கேபிள்களை மறுபடி செருகும்போது இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடும்.

விடுபட்ட துணைக் கோப்புகள்

விளையாட்டைத் திறந்ததும் ‘டிஎல்எல்’ என முடியும் ஒரு கோப்பு இல்லை என்ற செய்தி வந்தால், அந்தக் கோப்பை மட்டும் தனியாகத் தரும் தளங்களைத் தேடிப் போகாதீர்கள். அங்கிருந்து இறக்கும் கோப்பு தவறான பதிப்பாகவோ தீநிரலாகவோ இருக்கலாம். அந்தக் கோப்பு எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதைப் பெயரைக் கொண்டே அறியலாம்.

பெயர் டி3டிஎக்ஸ்9 என்றோ எக்ஸ்இன்புட்1_3 என்றோ தொடங்கினால், அது பழைய டைரக்ட்எக்ஸ் துணைக் கோப்பு. கணினியில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, பழையது எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தத் துணைக் கோப்புகள் விண்டோஸ் 10, 11-இல் இயல்பாக இடம்பெறுவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட ‘டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம்’ தொகுப்பை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். அது முதலில் கோப்புகளைப் பிரித்து வைக்க ஓர் இடம் கேட்கும். வெற்றுக் கோப்புறை ஒன்றைக் காட்டி, பிரித்து முடிந்ததும் அதற்குள் இருக்கும் டிஎக்ஸ்செட்டப் என்ற நிரலை இயக்க வேண்டும். பலர் பிரித்ததோடு நிறுவிவிட்டதாக எண்ணி நின்றுவிடுகிறார்கள்.

பெயர் எம்எஸ்விசிபி என்றோ விசிரன்டைம் என்றோ தொடங்கினால், தேவைப்படுவது ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’. 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே தொகுப்பு உண்டு. உங்கள் விண்டோஸ் 64 பிட் ஆக இருந்தாலும் விளையாட்டு 32 பிட் ஆக இருக்கலாம் என்பதால், எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) என்னும் இரண்டையும் நிறுவுங்கள். 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு விளையாட்டு நின்றாலும் பெரும்பாலும் இந்த 32, 64 பிட் கலப்படமே காரணமாக இருக்கும். இரண்டு தொகுப்புகளையும் மறுபடி நிறுவினால் அது தீர்வதுண்டு. ஸ்டீம் என்னும் இணையக் கடை வழியாக வாங்கிய விளையாட்டு என்றால், அதன் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உண்டு. குறைபட்ட கோப்புகளை மட்டும் அதுவே மறுபடி இறக்கிக்கொள்ளும்.

கம்பாட்டிபிலிட்டி அமைப்புகள்

இனி, பொருத்த அமைப்புகளுக்கு வருவோம். விளையாட்டின் நிரல் கோப்பில் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற தாவல் இருக்கும். அதில் ‘விண்டோஸ் எக்ஸ்பி’ என்று தேர்ந்தெடுத்தால் கணினியே எக்ஸ்பி ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: விளையாட்டு ‘இது எந்த விண்டோஸ்?’ என்று கேட்கும்போது பழைய பதிப்பின் எண்ணைத் தெரிவிப்பதோடு, அப்பதிப்பு நடந்துகொண்ட விதங்களில் சிலவற்றை அந்த ஒரு நிரலுக்கு மட்டும் விண்டோஸ் பின்பற்றிக் காட்டுகிறது. ஆகவே பதிப்பு எண்ணைக் கண்டு மிரண்டு நிற்கும் விளையாட்டுக்கு இது மருந்தாகும். டிரைவரே இல்லாத கணினிக்கு ஒன்றும் செய்யாது.

இதன் மறுபக்கத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. புதிய விளையாட்டு ஒன்றில் இந்தக் கட்டங்களை யாரேனும் முன்பே தேர்ந்தெடுத்து விட்டுவைத்திருந்தால், அதுவே அவ்விளையாட்டு திறக்காததற்குக் காரணமாகிவிடும். விண்டோஸ் 10-க்காகவோ 11-க்காகவோ எழுதப்பட்ட விளையாட்டிடம் ‘இது விண்டோஸ் 7’ என்று சொன்னால் அது ஓட மறுப்பதில் வியப்பில்லை. ஆகவே புதிய விளையாட்டு என்றால் முதல் வேலை, அத்தாவலில் உள்ள எல்லாக் கட்டங்களும் காலியாக இருப்பதை உறுதி செய்வது.

பழைய விளையாட்டு என்றால் நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் ‘டிஸேபிள் ஃபுல்ஸ்க்ரீன் ஆப்டிமைசேஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முழுத்திரைக்குப் போகும்போது கறுப்பாகும் சிக்கலும் ஆல்ட், டேப் விசைகளை அழுத்தினால் உறையும் சிக்கலும் இதனால் தீர்வதுண்டு. அடுத்து, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்பதற்குள் சென்று, உருப்பெருக்கத்தை ‘அப்ளிகேஷன்’ கவனிக்கும்படி அமைத்துப் பாருங்கள். புதிய மடிக்கணினிகளின் நுண்மையான திரைகளில் விளையாட்டின் ஒரு மூலை மட்டும் தெரிவதும், சுட்டி ஓரிடத்தில் இருக்கச் சொடுக்கு வேறிடத்தில் விழுவதும் இந்த உருப்பெருக்கத்தின் விளைவே. இவை இரண்டும் பலனளிக்காதபோதுதான் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்குச் செல்ல வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் வந்த விளையாட்டு என்றால் ‘எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3’, 2010-ஐ ஒட்டி வந்தது என்றால் ‘விண்டோஸ் 7’ என்று வெளிவந்த காலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 256 நிறங்களில் ஓடிய மிகப் பழைய விளையாட்டுகளில் நிறங்கள் சிதைந்து தெரிந்தால், ‘ரெட்யூஸ்டு கலர் மோட்’ என்பதில் 8 பிட் தேர்வு உதவும்.

இந்த அமைப்புகள் நீங்கள் தேர்ந்தெடுத்த நிரல் கோப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. பல விளையாட்டுகளில் முதலில் ‘லாஞ்சர்’ ஒன்று திறந்து, அது உண்மையான விளையாட்டு நிரலை எழுப்பும். லாஞ்சருக்கு அமைத்துவிட்டுப் பலனில்லை என்று முடிவு செய்வதற்கு முன், கோப்புறைக்குள் சென்று விளையாட்டின் நிரலைக் கண்டுபிடித்து அதற்கும் அமைத்துப் பாருங்கள்.

சில பழைய விளையாட்டுகளுக்கு எந்தக் கட்டமும் உதவாது. நிறுவியே 16 பிட் ஆக இருந்தால் 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. டாஸ் என்னும் பழைய இயங்குதளக் காலத்து விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் உண்டு. குறுந்தகட்டில் வந்த விளையாட்டுகள் பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்னும் நகல் தடுப்பு முறையை, பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10 தொடக்கத்திலிருந்தே ஏற்கவில்லை. ஆகவே அசல் தட்டு கையில் இருந்தும் அவை ஓடா. அத்தகையவற்றை இன்றைய விண்டோஸுக்கு ஏற்பச் சீரமைத்து ஜிஓஜி போன்ற இணையக் கடைகள் விற்கின்றன; தள்ளுபடி நாளில் குறைந்த விலைக்கும் கிடைக்கும். பழைய டைரக்ட்எக்ஸின் ஒரு பகுதியான ‘டைரக்ட்பிளே’ வேண்டும் என்று செய்தி வந்தால், கன்ட்ரோல் பேனலில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்பதைத் திறந்து, ‘லெகசி காம்போனன்ட்ஸ்’ என்பதன் கீழ் அதை இயக்கலாம். டைரக்ட்எக்ஸின் பழைய பகுதிகளான டைரக்ட்டிரா, டைரக்ட்3டி ஆகியவற்றைப் பயன்படுத்தும் விளையாட்டுகளில் படம் சிதைந்தால், அவற்றின் கட்டளைகளை இன்றைய டைரக்ட்எக்ஸ் மொழிக்கு மாற்றித் தரும் டிஜிவூடூ என்னும் கருவி பெரிதும் பயன்படும்.

பழைய விளையாட்டு திறக்கிறது, ஆனால் ஆட்ட நிலையைச் சேமிக்க மாட்டேன் என்கிறது என்றால், அது ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் எழுத முயல்கிறது என்று கருதலாம். அவ்விடத்தில் சாதாரண நிரல்கள் எழுதுவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. சி டிரைவில் தனியாகக் ‘கேம்ஸ்’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பெயருள்ள கோப்புறையை உருவாக்கி, அதற்குள் விளையாட்டை மறுபடி நிறுவினால் போதும். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தாலும் இது தீரும். ஆயினும் முன்பின் தெரியாத நிரலுக்கு அவ்வளவு அதிகாரம் தருவதைவிட இடத்தை மாற்றுவதே பாதுகாப்பானது. புதிய விளையாட்டும் சேமிக்க மறுத்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில், அறியாத நிரல்கள் கோப்புறைகளில் எழுதுவதைத் தடுக்கும் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த விளையாட்டை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

தமிழ்ப் பெயரும் பிரெஞ்சு விசைப்பலகையும்

ஆங்கில வழிகாட்டிகளில் அரிதாகவே காணப்படும், நம் ஊர்களுக்கே உரிய இரண்டு காரணங்களை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

விண்டோஸ் கணக்கைத் தொடங்கும்போது தம் பெயரைத் தமிழில் தட்டியவர்களின் கணினியில், அவர்களது கோப்புறையின் பெயரும் தமிழிலேயே உருவாகியிருக்கும். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு அறியாத பழைய விளையாட்டுகளால் அந்தப் பாதையைப் படிக்க முடியாது. ஐரோப்பிய மொழிகளுக்கும் சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கும் விண்டோஸில் யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டுத் தொகுதிகள் உண்டு. தமிழுக்கு, பழைய நிரல்கள் அவ்வாறு பயன்படுத்தக்கூடிய ஒன்று இல்லை. ஆகவே தமிழ் எழுத்துகள் அந்த விளையாட்டுக்குக் கேள்விக்குறிகளாகவே போய்ச் சேரும்; அது தன் அமைப்புக் கோப்பைக் கண்டுபிடிக்க இயலாமல் ஒரு செய்தியும் காட்டாமல் மூடிக்கொள்ளும். எந்த டிரைவரை மாற்றினாலும் இது தீராது. செட்டிங்ஸில் கணக்கின் பெயரை மாற்றினாலும் பயனில்லை, ஏனெனில் கோப்புறையின் பெயர் பழையபடியே இருக்கும். ஆங்கில எழுத்துகளில் பெயரிட்ட புதிய உள்ளூர்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் நுழைந்து விளையாட்டைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் காரணம் உறுதியாகிவிட்டது. தமிழ்ப் பெயருள்ள கணக்கை மற்ற வேலைகளுக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிரான்சில் உறவினர் உள்ள புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு உரியது. அங்கிருந்து கொண்டுவரப்படும் மடிக்கணினியில் விசைப்பலகை பிரெஞ்சு முறையில், அதாவது முதல் வரிசை ஏ, இசட், ஈ எனத் தொடங்கும்படி இருக்கும். நடப்பதற்கு டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளை எதிர்பார்க்கும் விளையாட்டில், அதே இடங்களில் இசட், கியூ, எஸ், டி இருப்பதால் பழைய விளையாட்டுகளில் பாத்திரம் சரியாக அசையாது. ‘செட்டிங்ஸ்’, ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ வழியாக ஆங்கில விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, விளையாடும்போது விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளுங்கள். இன்னும் நுட்பமான சிக்கல் எண்களில் இருக்கிறது. பிரெஞ்சு வழக்கில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள். அரை என்பதை 0,5 என்று எழுதுவார்கள். கணினியின் வட்டார வடிவம் பிரெஞ்சாக இருந்தால், 0.5 என்று எழுதப்பட்ட அமைப்புக் கோப்பைச் சில விளையாட்டுகள் தவறாகப் படித்து, ஒலி இல்லாமலோ, கேமரா நிலைகுலைந்தோ, தொடக்கத்திலேயே முறிந்தோ போகும். ‘ரீஜன்’ அமைப்பில் வடிவத்தை ‘இங்கிலீஷ் இந்தியா’ என்று மாற்றிக் கணினியை மறுதொடக்கம் செய்தால் இது தீரும். கணினியின் மொழி பிரெஞ்சாகவே இருக்கலாம். எண்களின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கணினி தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பு

விளையாட்டு எந்தச் செய்தியும் இல்லாமல் மூடிக்கொண்டால், ஸ்டார்ட் தேடலில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்பதைத் திறங்கள். நாள்வாரியாகச் சிவப்புக் குறிகள் தெரியும். விளையாட்டு முறிந்த நாளைச் சொடுக்கி விவரத்தைத் திறந்தால் ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்ற வரி இருக்கும். அங்கே உள்ள கோப்பின் பெயர் என், வி எனத் தொடங்கினால் என்விடியா டிரைவரையும், ஏ, டி, ஐ அல்லது ஏ, எம், டி எனத் தொடங்கினால் ஏஎம்டி டிரைவரையும், ஐ, ஜி, டி எனத் தொடங்கினால் இன்டெல் டிரைவரையும் முதலில் ஐயுறுங்கள்.

‘ஈவென்ட் வியூவர்’ திறந்து ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘சிஸ்டம்’ பகுதியைப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். டிஸ்ப்ளே என்ற மூலத்திலிருந்து 4101 என்ற எண் இருந்தால், கிராஃபிக்ஸ் சில்லு இரண்டு நொடிகளுக்கு மேல் பதிலளிக்காததால் விண்டோஸ் டிரைவரை மீட்டெடுத்தது என்று பொருள். அந்த இரண்டு நொடி வரம்பை, விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நீட்டிக்கும்படி சிலர் கூறுவார்கள். அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைப்பது என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. டிரைவரைச் சுத்தமாக நிறுவிப் பார்த்து, கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது இயல்பைவிட வேகமாக ஓடும்படி அமைத்திருந்தால், இயல்பு நிலைக்குத் திருப்புங்கள்.

மாறாக, கெர்னல் பவர் என்ற மூலத்திலிருந்து 41 என்ற எண் இருந்து, விளையாடும்போது கணினி முழுவதுமே அணைந்துபோகிறது என்றால், மென்பொருளைவிட மின்சாரத்தையும் வெப்பத்தையும் முதலில் பாருங்கள். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வைத்திக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் தூசும் சேர்ந்து விசிறியிலும் வெப்பத்தட்டிலும் படிந்துவிடுகின்றன. உலோகத் தொடுமுனைகளும் விரைவில் கறுக்கின்றன. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ தாவலில் அதன் வெப்பநிலை தெரியும். விளையாடும்போது அது 90 டிகிரியைத் தாண்டி நிலைத்து நின்றால் அந்தக் கணினிக்கு இப்போது தேவை தூசு நீக்குதலும் புதிய தெர்மல் பேஸ்ட்டும். இந்த ஒரு வேலைக்குக் கடைக்குப் போவது முற்றிலும் சரியே.

கடைக்குப் போக நேர்ந்தால்

மேலே சொன்ன யாவும் பலனளிக்கவில்லை என்றால், நீங்கள் எழுதிய தாளையும், சேமித்த அந்த எழுத்துக் கோப்பையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று கூறினால், அக்கறையுள்ள எந்தப் பணியாளரும் அங்கிருந்து தொடங்குவார். ஃபார்மேட் தவிர்க்க முடியாதது என்று முடிவானால், அதற்கு முன் உங்கள் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையையும், மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’ கோப்புறையையும் வெளி ஹார்ட் டிஸ்கில் படியெடுத்துவிடுங்கள். விளையாட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டு இடங்களில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியுடையதா என்பதையும் அப்போதே கேளுங்கள். வேலை முடிந்து கணினியைத் திரும்பப் பெறும்போது, பணம் கொடுப்பதற்கு முன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லி, டிஸ்ப்ளே அடாப்டரில் உங்கள் கிராஃபிக்ஸ் சில்லின் உண்மையான பெயர் இருக்கிறதா என்றும், மஞ்சள் முக்கோணக் குறி எதன்மீதும் இல்லை என்றும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.